ரேசுக்கெண்டு அலுமினிய எஞ்சின் பிளாக் எடுக்கப்போற பெடியளுக்கு: நான் விட்ட பிழையை நீங்களும் விடாதேங்கோ

போன கிழமை ஒரு பெடியன் ஒரு பிளாக்கை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்து கராஜ் வாசல்ல இறக்கினான். "அண்ணை, ஹொண்டா கே24, கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய பார்ட்ஸ் கடையில எடுத்தது, எப்பிடி மினுங்குது பாருங்கோ" எண்டான். மினுங்கினதுதான், பிளாஸ்ட் அடிச்சா எங்கட வீட்டுப் பழைய தாச்சியும் மினுங்கும். நான் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் எண்ட நேர்ச் சட்டத்தை டெக்கில, அதுதான் ஹெட் குந்திற மேல்முகத்தில, வைக்க, ரெண்டாம் மூண்டாம் சிலிண்டருக்கு நடுவில 0.10 மிமீ பீலர் கேஜ் தகடு தடையில்லாமல் உள்ள போகுது, பிளாக் வளைஞ்சு போச்சு. பிறகு அவன்ர முகத்தை எனக்குப் பாக்கேலாமல் போச்சு, ஏனெண்டா அதே முகத்தோட நானும் ஒருக்கா நிண்டனான்.

ஒயில் விட மறக்கிறது, போல்டை ஒழுங்கு மாறி இறுக்கிறது எண்ட கதையெல்லாம் இதில எழுதேல்ல. அது தெரியாதவை முதல்ல ஸ்கூட்டி கழட்டிப் பழகுங்கோ.

கொதிச்ச பிளாக்கை வாங்கிறது

இதை நினைச்சா இண்டைக்கும் எனக்கு விசர் வரும். என்ர இகே சிவிக்குக்கு ரேர்போ போட்டு கால் மைல் ரேஸ் ஓடுறதுக்கு ஒரு கே24 தேடித் திரிஞ்சு, கடைசியா ஒரு இடத்தில சல்லிசா வந்துது. ஒருநாளும் ஹீட் ஆகேல்ல எண்டு வித்தவர் பிள்ளையளில சத்தியம் பண்ணினார், நானும் நம்பினன். சீட்டுக் காசு முழுக்கப் போட்டு போர்ஜ்ட் பிஸ்டன், ரொட், ஸ்டட் எல்லாம் வெளியில இருந்து எடுத்து, பிளாக்கைக் கொழும்புக்கு அனுப்பி போர் பண்ணி (சிலிண்டரைக் குடைஞ்சு) ஹோன் பண்ணி (உள்பக்கம் தேச்சு), திரும்ப ஏ9 ஆல கொண்டுவந்து, ஒரு சனிக்கிழமை இரவு ஹெட்டைப் பூட்டத் தொடங்கினன். ஹெட்டைப் பிளாக்கோட பிடிக்கிற நீளப் புரிக்கம்பி, அதுதான் ஸ்டட், பத்து. ரோர்க் ரெஞ்சை 60 அடி-இறாத்தலுக்கு வைச்ச சுத்தில எல்லாம் வடிவாக் கிளிக் எண்டுது, சொன்ன இறுக்கம் வந்திட்டுது எண்டு அர்த்தம். 80 க்கு வைச்சு ஏழாவதைப் பிடிக்க, ரெஞ்ச் போகுது, போகுது, கிளிக் எண்ட சத்தம் மட்டும் வரேல்ல. கையில ஒரு மெதுமை தெரியும், ஈரச் சுவரில ஆணி இறுக்கிறமாதிரி. கழட்டிப் பாத்தா ஸ்டட்டைச் சுத்தித் தேங்காய்ப்பூ மாதிரி அலுமினியம். பழுதான புரிக்குப் போடுற கம்பிச் சுருள், ஹெலிகொயில் போட்டன், அடுத்த நாள் பக்கத்தில இருந்தது வந்துது. அதுக்கும் போட்டன், பிறகு மூலையில இருந்தது. அதோட ரெஞ்சை வைச்சுப்போட்டுப் போய்ப் படுத்திட்டன்.

விசயம் இதுதான். அலுமினியத்தின்ர பலம் கலவையில மட்டும் இல்லை, சூட்டுப் பதத்திலயும் இருக்கு. ரேசுக்கெண்டு வாற பிளாக் கனக்க 356 மாதிரிக் கலவையில வார்த்தது, அதை 540 பாகை செல்சியஸ் அளவில வைச்சு எடுத்து, சடாரெண்டு ஆறவிட்டு, பிறகு 155 பாகை அளவில மணித்தியாலக் கணக்காப் போட்டு எடுக்கிறதைத்தான் டி6 எண்டுறது. பிறகு எப்பயாவது தண்ணியில்லாமல் ஓடி, சிலிண்டரின்ர மேல்பக்கம் 200 பாகை தாண்டிக் கொஞ்ச நேரம் நிண்டா அந்தப் பதம் இறங்கிப்போடும், உலோகம் மெத்துப்படும். கொம்பனிக் கார் பிளாக்குக்கு டி6 இல்லாட்டியும் இதே கதைதான். கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. இன்னொரு கூத்து, தண்ணி இல்லாட்டி சென்சர் காத்தில நிக்கும், மீட்டர் முள் ஏறவே ஏறாது, அதால முந்தி ஓடினவருக்கே தன்ர எஞ்சின் கொதிச்சது தெரியாமல் இருக்கலாம்.

இப்ப நான் செய்யிறது: காசு குடுக்க முந்தி டெக்கை அளப்பன், 0.05 மிமீ தாண்டினா அந்தப் பக்கம் பாக்கமாட்டன். பிறகு ஒரு பெரிய பெயாரிங் குண்டை ஒரு மீற்றர் பிவிசி பைப்புக்குள்ளால மேல இருந்து விட்டு, பிளாக்கில வேலைக்கு உதவாத ஒரு தடிச்ச இடத்தில விழுத்தி, அதே குண்டை நல்லதெண்டு தெரிஞ்ச அதே மொடல் பிளாக்கிலயும் விழுத்தி ரெண்டு குழியையும் பாப்பன், மெத்துப்பட்டதில குழி பெரிசா இருக்கும். உலோகத்தின்ர கடினம் அளக்கிற பிரினெல் மெசினும் இதைத்தான் ஒழுங்கா அமத்திச் செய்யுது, அது கிடைக்கிற இடத்தில அதையே செய்விச்சுப்போடுங்கோ. எல்லாத்துக்கும் மேல, போர் பண்ணக் குடுக்க முந்தி ஒரு பழைய ஹெட்டை வைச்சுப் புது ஸ்டட்டைப் பூட்டி முழு ரோர்க்குக்கு இறுக்கிப் பாருங்கோ. புரி வாறதெண்டா அப்பவே வரட்டும், லேத்துக்காரனுக்குக் காசு குடுத்தாப் பிறகு வந்து என்ன பிரயோசனம்.

2020 இல இருந்து 2025 மட்டும் வாகன இறக்குமதி நிண்டிருந்த காலத்தில பழைய எஞ்சின் விலையெல்லாம் எங்கயோ போனது, சல்லிசா ஒண்டு வருதெண்டா ஏனெண்டு கேளுங்கோ.

இரும்பின்ர கிளியரன்ஸை அலுமினியத்துக்குப் போடுறது

ஒரு பாகை சூட்டுக்கு அலுமினியம் மீற்றருக்கு 23 மைக்ரோன் அளவு வளரும், வார்ப்பிரும்பு கிட்டத்தட்ட அதில பாதி. கே24 இல கிராங்க் நடுவில இருந்து டெக் மட்டும் 231.5 மிமீ, 80 பாகை ஏறினா 0.4 மிமீ உயரும். மெயின் பெயாரிங் இடைவெளியும் சூட்டில திறக்கும், இரும்பு பிளாக் இருக்கிற 2ஜேஇசட் (ரொயோட்டா எஞ்சின்) காரன்ர அளவை அப்பிடியே பாத்து எழுதினா சூடானாப் பிறகு ஒயில் பிரசர் விழும். புஷ்ரோட் வி8, சொலிட் லிப்டர், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் எண்டா, குளிரில வால்வ் லாஷை (வால்வுக்கு விடுற இடைவெளியை) சூட்டு அளவைவிட 0.012 அங்குலம் இறுக்கமா வைச்சுத் தொடங்குங்கோ, ஓடிச் சூடாக அது தானா விரியும்.

ஓப்பன் டெக்கைக் கவனிக்காமல் விடுறது

ஹொண்டா பி, கே எஞ்சின் ரெண்டிலயும் சிலிண்டர் வரிசையின்ர மேல் விளிம்பைச் சுத்தி வெறும் தண்ணி, வெளிச்சுவரோட பிடிமானம் ஒண்டுமில்லை. வார்க்க லேசு எண்டுதான் அப்பிடிச் செய்தவை, உங்கட ரேர்போவுக்கெண்டு இல்லை. ரேர்போ அமுக்கம் (பூஸ்ட்) ஏற லைனர், அதுதான் சிலிண்டரின்ர உள்சுவர், அசையும், கேஸ்கட் தேயும். அதுக்குள்ள சிசி கூட்டுறமெண்டு லைனரை இன்னும் குடைஞ்சு மெல்லிசாக்கிப்போட்டு, கேஸ்கட் கொம்பனியைத் திட்டுறது. பெரிய பவர்தான் வேணுமெண்டா டக்டைல் இரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) அடிச்சு மேல்பக்கத்தை மூடுங்கோ.

மலிவு ஸ்லீவ்

இருந்த இடத்தை விட்டுக் கீழ இறங்கும்.

ரோர்க் பிளேட் இல்லாமல் ஹோன்

ஹெட்டுக்குப் பதிலாப் பூட்டி இறுக்கிற தடிச்ச தகடு இல்லாமல் தேச்சா சிலிண்டர் வட்டமா இருக்கும். ஹெட் பூட்டும் மட்டும்.

கிணத்துத் தண்ணி

எங்கட யாழ்ப்பாணத்து நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, கேத்தலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைத் தெரியுந்தானே, அதே தண்ணியை ரேடியேட்டருக்குள்ள விட்டா அதே படிவு ஜக்கெட்டுக்குள்ள, பிளாக்கின்ர தண்ணிப் பாதையில. சூடு வெளியேறாது. மேல சொன்ன கதைக்குப் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும் எண்டு எனக்கொரு சந்தேகம். கூலண்டும் டிஸ்டில்ட் வோட்டரும் விடுங்கோ, காசைப் பாக்காதேங்கோ.

டொப் பியூவலைப் பாத்து ஆசைப்படுறது

டொப் பியூவல் எண்டா நேர் ரேசில ஆகப் பெரிய வகுப்பு: போர்ஜ் பண்ணின அலுமினியத்தைக் கடைஞ்சு எடுத்த பிளாக், உள்ள டக்டைல் லைனர், தண்ணிப் பாதையே இல்லை, 11,000 ஹோர்ஸ்பவருக்கு மேல. உண்மைதான். ஆனா அது 1,000 அடியை நாலு செக்கனுக்குள்ள ஓடி முடிச்சு, உடன கழட்டிப் பாக்கிற எஞ்சின். அந்த வீடியோவைப் பாத்திட்டு ஒரு பெடியன் ஜக்கெட்டை பில்லர் எண்ட சீமெந்து மாதிரிச் சாமானை ஊத்தி முட்ட நிரப்பிப்போட்டு, அந்தக் காரில சாவகச்சேரிக்குக் கலியாணவீட்டுக்குப் போனவன். போற வழியில கைதடியில நிண்டு போன் எடுத்தான்.