லடாக்கில் வீடு கட்ட: டெல்லித் தமிழ்க் கட்டடக் கலைஞர்களுக்குச் சில குறிப்புகள்

டெல்லியில் அமர்ந்து லடாக்குக்கு வீடு வரையும் நம்மவர்கள், வெயிலை எப்படித் தடுப்பது என்று யோசிக்கும் பழக்கத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் குளிர்காலத்திலும் வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பதால், அங்கே வெயில்தான் மலிவான எரிபொருள். ஆகவே வீட்டின் நீளப் பக்கத்தைத் தெற்கு நோக்கி வைத்து, வடக்கில் சன்னல்களைக் குறைத்து, சரக்கறையையும் மாடிப்படியையும் அந்தப் பக்கம் தள்ளவும். டிசம்பர் நண்பகலில் சூரியன் சுமார் 32 பாகை உயரத்திலும் ஜூனில் ஏறத்தாழ 79 பாகையிலும் நிற்பதால், அளவான சன்ஷேடு ஒன்றே கோடை வெயிலை மறைத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடும்.

படுக்கையறைக்கு டிராம்ப் சுவர் பொருந்தும். 30 முதல் 40 செ.மீ. தடிப்புள்ள மண் அல்லது கல் சுவரின் வெளிப்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசி, சுமார் 10 செ.மீ. இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தினால், பகலில் வாங்கிய சூடு மெல்ல ஊடுருவி இரவில் அறைக்குள் வந்து சேரும். சுவரின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் காற்றுத்துளைகள் வைத்தால் பகலிலேயே அறை சூடாகும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அவற்றை மூடாவிட்டால் காற்றோட்டம் தலைகீழாகி அறையைக் குளிர்விக்கும் என்பதால், மூடிகளைக் கையுறையோடும் இழுக்கும்படி எளிமையாகச் செய்வது நல்லது.

கூரைக்கு, பாப்லர் உத்தரங்களின் மேல் வில்லோ குச்சிகளைப் பரப்பி மண் இடும் உள்ளூர் முறையை மிஞ்ச வேண்டியதில்லை. சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்படுக்கை மட்டும் கூடுதலாகச் சேர்க்கவும். அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு வைப்பதானால் புகைக்குழாயும் வெளிக்காற்று வரும் வழியும் கட்டாயம், ஏனெனில் இறுக அடைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும்.