கையில் நூறு ரூபாய்தானா? அது போதும்

உண்டியலில் போடுவது தப்பில்லை, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பணம் நண்பன் பிறந்தநாள் வரைக்கும்தான் தாங்கும். மாதம் ஒருமுறை உண்டியலைக் காலி செய்து கணக்கில் கட்டிவிடுங்கள்.

பக்கத்து தபால் ஆபீஸே போதும். 10 வயது முடிந்திருந்தால் உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆதார், போட்டோ, பிறந்த தேதிச் சான்றோடு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போங்கள். முதலில் 500 ரூபாய் கட்ட வேண்டும், அதை எடுக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 4 சதவீதம். மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி என்பதால், கட்டுவதை 10ஆம் தேதிக்குள் கட்டிவிடுவது நல்லது. வங்கிதான் பக்கம் என்றால் அதுவும் சரி, மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிவந்து கடைசியில் வட்டியோடு மொத்தமாக வாங்கும் தொடர் சேமிப்பு. என்னைக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், 5 வருடம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் வட்டியை 6.7 சதவீதமாக உயர்த்தினார்கள். அரசு இதை அவ்வப்போது மாற்றும், ஆனால் நீங்கள் தொடங்கும் நாளில் இருக்கிற வட்டிதான் கடைசி வரைக்கும். 6.7 சதவீதத்தில் கணக்குப் போட்டால் மொத்தம் கட்டுவது 6000, கைக்கு வருவது ஏறக்குறைய 7130. பெரிய லாபமில்லைதான், ஆனால் ஒன்பதாவதில் தொடங்கினால் கல்லூரியில் இருக்கும்போது கையில் சுளையாக ஒரு தொகை நிற்கும். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு 1 ரூபாய் அபராதம், அதற்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து தவறவிட்டால்தான் சிக்கல், அதனால் 300 முடியும் என்று தோன்றினாலும் 100இல் தொடங்குங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கணக்கை முடிக்க முடியாது, அதற்குப் பிறகு இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அடுத்த வருடமே சைக்கிள் வாங்க வேண்டும் என்பவர்களுக்கு ஆர்டி வேண்டாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 வருகிறவர்கள், பணம் ஏறிய அன்றே ஒரு பகுதியை இதில் போட்டுவிடலாம்.

தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டு, டெலிகிராமில் வரும் ‘பத்து நாளில் இரட்டிப்பு’ ரெண்டும் வேண்டாம். அதைவிட மோசமானது, “உன் அக்கவுண்ட்டுக்குப் பத்தாயிரம் வரும், எடுத்துக் கொடு, ஆயிரம் உனக்கு” என்று சீனியர் அண்ணன் கேட்பது. அது யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கும், கணக்கு முடங்குவதும் போலீஸ் தேடி வருவதும் உங்களைத்தான். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, யார் கேட்டாலும் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து வசூலிக்கும் முகவரிடம் ஆர்டி கட்டினாலும், பாஸ்புக்கில் அந்த மாதத் தொகை பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் வாங்கிப் பாருங்கள். தெரிந்த அக்காதானே என்று விடாதீர்கள், பாஸ்புக்கைக் கேட்டால் நல்ல முகவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.