பிக்கப் டிரக்குக்கு கோல்ட் ஏர் இன்டேக் வாங்கும் முன் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கியவர்களுக்கு முதலில் மாட்டத் தோன்றுவது கோல்ட் ஏர் இன்டேக்தான், அதாவது என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவருவதாகச் சொல்லும் குழாயும் ஃபில்டரும் சேர்ந்த கிட். 300 முதல் 500 டாலர் வரை ஆகும், ஒரு மணி நேர வேலை, பத்துப் பதினைந்து எச்.பி. (குதிரைத்திறன்) கூடும் என்று விளம்பரம் சொல்லும். வாங்கலாமா வேண்டாமா என்று ஊரெல்லாம் கேட்பதைவிட உங்கள் வண்டியிடமே கேட்டுவிடுங்கள், 20, 30 டாலருக்குக் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரும் (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் படிக்கும் கருவி) ஒரு போனும் போதும்.

முதலில், என்ஜின் ஆறியதும் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸுக்குக் காற்று வரும் குழாய் எங்கிருந்து புறப்படுகிறது என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். புது டிரக்குகளில் பெரும்பாலும் அது ஃபெண்டருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ போய் முடியும். அதாவது கம்பெனியே வெளிக்காற்றைத்தான் இழுக்க வைத்திருக்கிறது. வெளியே விற்பவை பலவற்றில் ஃபில்டர் என்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி இருக்கும், சுற்றி ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது அது இழுப்பது பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை.

சரி, ஸ்கேனரை மாட்டுங்கள். ஹைவேயில் பத்து நிமிடம் சீராக ஓட்டியபின் இன்டேக் காற்றின் வெப்பநிலையையும் வெளி வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். காற்று 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுமார் 1 சதவீதம் சக்தி கூடும் என்பது தோராயக் கணக்கு. வித்தியாசமே அவ்வளவுதான் என்றால் புதுக் குழாய் மாட்டினாலும் அதற்கு மேல் குளிர்விக்க அங்கே எதுவும் இல்லை.

இரண்டாவது எண்தான் முக்கியம், மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது சிலிண்டருக்குள் போகும் முன் என்ஜினின் காற்றுக் குழாயில் இருக்கும் அழுத்தம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்தால் அது அப்போதைய காற்றழுத்தத்தைக் காட்டும், கடலோர ஊரில் 100 கிலோபாஸ்கல் அருகே, உயரத்தில் உள்ள டென்வரில் 83 அருகே. அப்புறம் வேக வரம்புக்குள், காலியான ஹைவே ராம்ப்பில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஆர்.பி.எம். உச்சத்துக்குப் போகும்போது என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டுபவர் போனைப் பார்க்க வேண்டாம். 100 இருந்தது 98 ஆனால் ஃபில்டர், குழாய், திராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) எல்லாம் சேர்ந்தே 2 சதவீதம்தான் தடுக்கின்றன. 355 எச்.பி. தரும் செவ்ரோலெட் சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8-ல் அது சுமார் 7 எச்.பி., அதிலும் இன்டேக் கிட் மீட்டுத் தரக்கூடியது ஒரு பங்குதான். 92, 93 என்று இறங்கினால் முதலில் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஃபோர்டு எஃப்-150 ஈக்கோபூஸ்ட் மாதிரி டர்போ வண்டியில் இந்த இரண்டாவது சோதனை பலிக்காது, டர்போ தானே அழுத்தத்தை ஏற்றிவிடும். அங்கே காற்று டர்போவைத் தாண்டி இன்டர்கூலரில்தான் குளிர்கிறது, எவ்வளவு டார்க் (சுழற்று விசை) வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. அதனால் டியூன் செய்யாத, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றாத, டர்போ வண்டியில் இன்டேக்கை மட்டும் மாற்றிப் பெரிய பலன் கிடைக்காது. டியூன் செய்தவர்கள், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியவர்கள், சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) போட்டவர்கள் கதை வேறு, அவர்களுக்கு உண்மையிலேயே அதிகக் காற்று தேவை, தாராளமாக வாங்கலாம்.

மைலேஜுக்காக வாங்காதீர்கள். பெட்ரோல் என்ஜினில் சாதாரண ஓட்டத்தின்போது திராட்டில் பாதி மூடியேதான் இருக்கிறது, காற்றைத் தடுப்பதே அதன் வேலை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, அடைத்துப்போன ஃபில்டர்கூட புது வண்டிகளின் மைலேஜைக் குறைக்கவில்லை, ஆக்சிலரேஷனைத்தான் குறைத்தது.

சத்தம் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், அது நியாயமான காரணம். கம்பெனி குழாயில் சத்தத்தை அடக்கும் அறைகள் இருக்கும், அவை போனதும் வி8 கர்ஜிப்பது நன்றாகவே கேட்கும். எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டர் என்றால் எண்ணெயை அளவாகத் தெளியுங்கள், அதிகமானால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுத்து, பி0171 கோடுடன் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்று சொல்லும் பழுது எண்) செக் என்ஜின் விளக்கு எரியலாம். ஆயிரம் மைல் ஓடியதும் ஃபில்டருக்கு அந்தப் பக்கம், என்ஜினுக்குப் போகும் குழாயின் உள்ளே விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள், பிஸ்டனும் சிலிண்டரும் தேய்வது அந்த நுண்தூசியால்தான்.

வாரண்டி உடனே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். 1975-ன் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டியதாலேயே வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று வண்டிக் கம்பெனி காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் மட்டும் மாநிலக் காற்று வாரியத்தின் இ.ஓ. எண் (அனுமதி எண்) உள்ள கிட்டையே வாங்கி, அதன் ஸ்டிக்கரை பானெட்டுக்குள் ஒட்டிவிடுங்கள், ஸ்மாக் (வண்டிப் புகை) சோதனையில் கேட்பார்கள். எந்த மாநிலமானாலும் கழற்றிய பழைய ஏர் பாக்ஸையும் கிளாம்ப்புகளையும் ஒரு பெட்டியில் போட்டு கராஜில் வையுங்கள், வண்டியை விற்கும்போது கம்பெனி ஏர் பாக்ஸ் எங்கே என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.