தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானப் பயண நேரம் வந்துவிடாது

லண்டன் – நியூயார்க் நேர்தூரம் சுமார் 5,540 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 6 மணி 10 நிமிடம்தான் வரும். அட்டவணையிலோ ஏறக்குறைய 8 மணி நேரம் போட்டிருக்கும். அது தப்பல்ல, நாம் வகுத்ததுதான் தப்பு.

அட்டவணை நேரம் விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்ந்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி நிற்கும்வரை. நெரிசலான நிலையங்களில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே 20, 30 நிமிடம் கரையும். மேலேறும்போதும் இறங்கும்போதும் அந்த 900 கிடைக்காது. போதாததற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சுமார் ஒரு மணி நேரம் மிச்சம். போக ஆன நேரமே வரவும் ஆகும் என்று கணக்குப் போட வேண்டாம்.

தட்டை வரைபடத்தில் அடிகோல் வைத்து அளப்பதும் வீண். பூமி உருண்டை என்பதால் மிகக் குறுகிய வழி வரைபடத்தில் துருவத்தை நோக்கி வளைந்துதான் தெரியும். உண்மையான சுற்றுவழி வேறு: 2022 முதல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், சுமார் ஒன்பதரை மணி நேரம் ஆன ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் இப்போது 13 மணி நேரத்தைத் தொடுகிறது. நேர்தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை.

அலகையும் பாருங்கள். அதே லண்டன் – நியூயார்க் தூரம் கடல் மைலில் சுமார் 2,990. இதைச் சாதாரண மைல் என்று நினைத்து 1.609ஆல் பெருக்கினால் 700 கி.மீ.க்கு மேல் காணாமல் போகும். 1.852ஆல் பெருக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். ஜனவரியில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக இருந்தால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ உலகப் பொது நேரத்துக்கு 9 மணி நேரம் முன்னே; மாலை 5 என்பது 17, அதிலிருந்து 9ஐக் கழித்தால் 8. லாஸ் ஏஞ்சலஸ் ஜனவரியில் 8 மணி நேரம் பின்னே; 10உடன் 8ஐக் கூட்டினால் 18. பயணம் 10 மணி நேரம். வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள் என்று பொருள். ஹோட்டல் பதிவை அந்தத் தேதிக்குப் போடுங்கள்.

கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைநேர மாற்றம் இன்னொரு குழி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் லண்டன் – நியூயார்க் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி நேரம்.

'நேரடி விமானம்' என்றால் வழியில் நிற்காது என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண்ணில் நடுவே இறங்கி ஏறலாம். நிறுத்தங்கள் சுழியமா என்று பாருங்கள். இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டாக வாங்கினால் பெட்டியை எடுத்து, குடியேற்றச் சோதனை முடித்து, மறுபடி பதிய வேண்டியிருக்கும். டோக்கியோ போன்ற ஊரில் ஹனேடாவில் இறங்கி, நகரிலிருந்து 60 கி.மீ. தள்ளியுள்ள நரிடாவில் ஏறும்படியும் அமையலாம். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், பெரும்பாலும் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.