சொத்து வரி பில்லில் எதைப் பார்ப்பது?

சிங்கப்பூரில் டிசம்பர் மாதம் சொத்து வரி பில் வந்ததும் பலரும் அடியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: வீட்டின் ஆண்டு மதிப்பு எவ்வளவு, எந்த விகிதத்தில் வரி போட்டிருக்கிறார்கள்.

ஆண்டு மதிப்பு என்பது வீட்டின் விலை அல்ல. அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று, அதே மாதிரி வீடுகளின் வாடகையை வைத்து, வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையம் போடும் கணக்கு. தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் பராமரிப்புக்கும் உரிய பங்கு அதில் சேராது. நீங்களே குடியிருந்தாலும், பூட்டி வைத்திருந்தாலும் மதிப்பு அதேதான். காலி வீட்டுக்கு வரி திரும்பக் கிடைத்த காலம் 2013ஓடு முடிந்துவிட்டது.

விகிதத்தில்தான் பெரிய வித்தியாசம். 2025 முதல், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி கிடையாது. அடுத்த 28,000க்கு 4 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 6 என ஏறி 32 வரை போகும். அவர் குடியிருக்காத வீட்டுக்கோ முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு. 30,000ஐத் தாண்டினால் 20, 45,000ஐத் தாண்டினால் 28, 60,000க்கு மேல் 36.

ஆண்டு மதிப்பு 15,000 வெள்ளியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை எடுத்துக்கொள்வோம். குடியிருந்தால் 3,000க்கு மட்டும் 4 விழுக்காடு, அதாவது 120 வெள்ளி. 2025இல் வீவக வீடுகளுக்குக் கொடுத்த 20 விழுக்காட்டுக் கழிவு போக 96. அதே வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டால் 1,800 வெள்ளி, கழிவும் இல்லை. தனியார் வீட்டில் குடியிருப்போருக்கு அந்த ஆண்டு 15 விழுக்காடு கழித்தார்கள், உச்சவரம்பு 1,000 வெள்ளி. கழிவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கத் தேவையில்லை, பில்லிலேயே கழித்து வரும்.

தடுக்கி விழுவது பெரும்பாலும் வீடு மாறும்போதுதான். ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டு நீங்களும் அங்கேயே இருந்தால் குறைந்த விகிதம் தொடரும். மொத்தமாகக் குடிபெயர்ந்தால் உடனே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு பாக்கி சேர்ந்து வரும். கணவன், மனைவி பெயரில் தனித்தனி வீடு இருந்தாலும் இந்தச் சலுகை ஒன்றுக்குத்தான். தனியார் வீடு வாங்கியவர்கள் விகிதத்தை இருமுறை பாருங்கள். குறைந்த விகிதம் வரவில்லையென்றால் சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக ஆணையத்தின் இணையவாசலில் விண்ணப்பிக்கலாம்.

வாடகை வருமானத்துக்கு வருமான வரி கட்டுபவர்கள் சொத்து வரியைச் செலவாகக் காட்டலாம். ஆனால் வாடகையில் 15 விழுக்காட்டை மொத்தச் செலவாகக் கழிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் சொத்து வரி அதற்குள்ளேயே அடக்கம். தனியே கழிக்க முடிவது வீட்டுக் கடன் வட்டி மட்டும்.

கெடு ஜனவரி 31. தாண்டினால் 5 விழுக்காடு அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஜைரோவில் சேர்ந்தால் வட்டியில்லாமல் 12 தவணை வரை கிடைக்கும். அதுவும் தாங்காது என்றால் கெடுவுக்கு முன்பே ஆணையத்தை அழைத்துப் பேசுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து இந்த வரியைக் கட்ட முடியாது.

ஆண்டு மதிப்பு அதிகம் என்று தோன்றினால் அதே புளோக்கில், அதே அளவு வீடுகளின் அண்மைய வாடகையைத் திரட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். “என்னால் கட்ட முடியவில்லை” என்பது அங்கே எடுபடாது. வாடகை ஆதாரம்தான் பேசும். முடிவு வரும்வரை பில்லைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும்.