பழைய குடும்பப் படங்களுக்குப் பெயர் எழுதி வைப்பது எப்படி?

சுசீந்திரத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டில் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருந்தன. அவற்றில் இருந்தவர்களில் பாதிப் பேரை அடையாளம் சொல்ல ஆச்சி ஒருவரே மிஞ்சியிருந்தார். அவருக்கு அப்போது 88 வயது. அந்தக் கோடையில் அவருடன் அமர்ந்து நாங்கள் கற்றுக்கொண்ட முறையை, இவ்வேலையை முதன்முதலாகச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரிப் பகுதியில் ஈரமும் பூஞ்சையும்தான் படங்களின் முதல் எதிரிகள். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்தபின், படத்தின் முகப்பைத் தொடாமல் ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்க முயல வேண்டாம். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றியிருக்கும், இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியின் மேலாகவே நகல் எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பானது.

அடுத்ததாக, முகங்களைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். தமிழ்நாடு, கேரள எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு: ஊர் அதே இடத்தில் இருக்க, அரசு மாறிக்கொண்டே இருந்ததால் ஸ்டுடியோ முத்திரையின் முகவரியே காலத்தைச் சொல்லிவிடும். நாகர்கோவிலுக்குப் பின் 'திருவிதாங்கூர்' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1949-க்கு முந்தைய படம். திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த மாநிலத்தின் பெயரான 'திரு-கொச்சி' என்றிருந்தால் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபருக்கும் இடைப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அம்மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது 1969-இல். 629 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் எண் அச்சாகியிருந்தால், அந்த எண் முறையே 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது என்பதால், படம் அதற்குப் பிந்தையது. ஆனால் பழைய முத்திரைகளையே சில ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

கையால் எழுதிய ஆண்டு 1110, 1121 என்பதுபோல இருந்தால் அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் நாள் அந்த ஆண்டு பிறப்பதால், ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825-ஐயும் கூட்டுங்கள். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு கல்யாணப் படத்தில் '1121 ஐப்பசி' என்று எழுதியிருந்தது, அது 1945. பின்புற எழுத்து மலையாளத்தில் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறையில் பலர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள்.

மூன்றாவது வேலைக்குத்தான் நான் மிகுந்த நேரம் ஒதுக்கச் சொல்வேன். மூத்தவரிடம் ஒரே நாளில் பெட்டி முழுவதையும் காட்டாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படங்கள் போதும். "இது யார்?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு நின்றுவிடுகிறது, "இந்தப் பாம்படம் (காதணி) யாருடையது?", "இந்த முற்றம் எந்த வீட்டில் இருந்தது?" என்று கேட்டபோதுதான் ஆச்சி மணிக்கணக்கில் பேசினார். அனுமதி பெற்று அப்பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். நடு நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் கேட்காமலே தந்தை என்று முடிவு செய்துவிட வேண்டாம். தாய்மாமனிடமிருந்து சகோதரி மக்களுக்குச் சொத்து செல்லும் மருமக்கள்வழி இருந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் காரணவரான (குடும்பத் தலைவரான) தாய்மாமனே அந்த இடத்தில் அமர்ந்திருக்கலாம். பாட்டாவின் (தாத்தாவின்) அப்பா என்று நாங்கள் இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தவர், உண்மையில் பாட்டாவின் மாமா.

பெயரை எழுதும்போது 'சித்தி', 'மயினி' என்று உறவை மட்டும் எழுதாதீர்கள்; உங்களுக்குச் சித்தியானவர் உங்கள் மகளுக்குப் பாட்டி. எல்லா உறவையும் வீட்டில் ஒரே ஒருவரை வைத்துச் சொல்லும்படி, "இன்னார், ஆச்சியின் தம்பி மனைவி, பிறந்த ஊர் தக்கலை" என்ற முறையில் பெயர், உறவு, ஊர் மூன்றையும் எழுதுங்கள். இடமிருந்து வலமாக வரிசையைக் குறிப்பிடுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும்; பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முகப்பில் தடமாக எழும்பும், மையும் நாளடைவில் ஊறும்.

ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். ஸ்கேனர் இல்லையெனில் நேர்வெயில் விழாத ஜன்னலோரம் படத்தைக் கிடத்தி, பிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து கைபேசியில் எடுக்கலாம். பின்புறத்தையும் தவறாமல் எடுங்கள். கோப்புகளை வீட்டுக் கணினியோடு, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். மூலப்படங்களைப் பசை ஆல்பங்களில் ஒட்டாமல், அமிலமற்ற தாள் உறைகளில் இட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வைக்க வேண்டும்.

அடையாளம் தெரியாத படங்களின் நகல்களைத் தனி உறையில் சேர்த்து, கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணங்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் உறையில் பதினொரு படங்கள் இருந்தன. பாறசாலையிலிருந்து கொடைக்கு வந்த உறவுக்காரப் பெரியம்மை ஒருவர் அவற்றில் நான்கிற்குப் பெயர் சொன்னார். ஏழு படங்கள் இன்னும் அந்த உறையில்தான் இருக்கின்றன.