சிஸ்டம் ஃபைலில் வைரஸா? டெலீட் பட்டனைத் தொடும் முன்...

ஆன்டிவைரஸ் எச்சரிக்கை காட்டுகிறது. வைரஸ் இருக்கும் இடம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32. நீக்கச் சொன்னால் முடியவில்லை என்கிறது. சரி, நாமே போய் ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுத்தால், 'டிரஸ்டட் இன்ஸ்டாலரிடம் அனுமதி வாங்கி வாருங்கள்' என்று ஒரு பெட்டி வருகிறது. என் கம்ப்யூட்டரில் எனக்கே அனுமதி தர இவர் யார்? பெரும்பாலான தவறுகள் இந்தக் கோபத்தில்தான் தொடங்குகின்றன.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நானும் அந்தக் கோபத்தில் விழுந்தவன்தான். யூசர்இனிட் என்ற ஃபைலில் வைரஸ் என்று ஆன்டிவைரஸ் சொன்னது, ஆனால் அதனால் எடுக்க முடியவில்லை. நான் ஒரு லினக்ஸ் சிடியைப் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து, அந்த ஃபைலைக் கையாலேயே அழித்தேன். விண்டோஸின் காவலெல்லாம் விண்டோஸ் ஓடும்போதுதான். லினக்ஸுக்கு அது வெறும் ஃபைல். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் திரை வந்தது, பாஸ்வேர்டு கொடுத்தேன், அமைப்புகளை ஏற்றுவதாகச் சொன்னது. அடுத்த நொடியே அவற்றைச் சேமிப்பதாகச் சொல்லி வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி வெளியே. அவசியமான நிரல்களோடு மட்டும் எழும் சேஃப் மோடிலும் இதே கதை. லாகின் ஆனதும் டெஸ்க்டாப்பைக் கிளப்பிவிடுவதே அந்த ஃபைலின் வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்னொரு எக்ஸ்பி கம்ப்யூட்டரிலிருந்து அதே ஃபைலை எடுத்துவந்து வைத்த பிறகே உள்ளே போக முடிந்தது.

சாதாரண ஃபைலில் வைரஸ் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். சிஸ்டம் ஃபைலில் அது பாதி வேலைதான். அதே இடத்தில் நல்ல ஃபைல் வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் நொண்டும். இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரைப் பார்த்து முடிவு செய்வது

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்று வரிசையாக ஐம்பது, அறுபது ஓடும். பார்த்ததும் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சர்வீஸ்கள் எனப்படும் விண்டோஸின் பின்னணி வேலைகளை ஓட்டும் நிரல் அது. விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து, மெமரி 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில் ஓடும்படி மாற்றிவிட்டார்கள். எத்தனை ஓடுகின்றன என்பதைவிட எங்கிருந்து ஓடுகின்றன என்று பாருங்கள். ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்தால் சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 ஃபோல்டர் வர வேண்டும். டெம்ப் ஃபோல்டரோ ஆப்டேட்டாவோ வந்தால் அது வேஷக்காரன். எக்ஸ்ப்ளோரருக்கு வீடு சிஸ்டம்32 இல்லை, நேராக விண்டோஸ் ஃபோல்டர். எழுத்தையும் கூர்ந்து பாருங்கள்: 'வி'யையும் 'சி'யையும் இடம் மாற்றி வைப்பதும், ஆங்கில 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம் போடுவதும் பழைய தந்திரம்.

டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நோட்பேடின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் கையெழுத்துக்கான டேபே இருக்காது. விண்டோஸின் பல ஃபைல்களுக்குக் கையெழுத்து ஃபைலுக்குள் இல்லாமல் தனிப் பட்டியல் ஒன்றில் இருக்கும். அதனால் டேப் இல்லை என்பதற்காகவே ஒரு ஃபைலைக் கொல்ல வேண்டாம். சந்தேகமிருந்தால் வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றிப் பாருங்கள். எழுபதுக்கு மேற்பட்ட ஸ்கேனர்கள் அதைப் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கையாகத்தான் இருக்கும்.

பொய் எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 ஏப்ரல் சாட்சி. மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 ஓடிய கம்ப்யூட்டர்களில் உண்மையான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்தது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க்கும் போயிற்று. 2002-இல் மனிதர்களே இதைக் கையால் செய்தார்கள். கரடி பொம்மை ஐகான் போட்ட ஒரு ஃபைல் உங்கள் விண்டோஸில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் சுற்றியது. அது ஜாவா நிரல்களைச் சோதிப்பதற்காக மைக்ரோசாஃப்டே வைத்திருந்த ஃபைல். தேடினால் கரடி இருக்கும், ஆகவே மின்னஞ்சல் சொன்னது உண்மை என்று நம்பிப் பலர் அழித்தார்கள்.

பூட்டை உடைப்பது

டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்பது விண்டோஸ் விஸ்டாவிலிருந்து வந்த ஏற்பாடு. சிஸ்டம் ஃபைல்களின் உரிமை அதன் பெயரில் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக்கூடப் படிக்கவும் ஓட்டவும் மட்டுமே அனுமதி. இந்த உரிமையை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ரைட் கிளிக் மெனுவிலேயே அதைச் சேர்த்துத் தரும் குட்டி நிரல்களும் கிடைக்கின்றன. நம் அக்கவுன்ட்டில் ஓடும் எதற்கும் அந்த உரிமை போய்ச் சேரும் என்பதுதான் சிக்கல், வைரஸ் உட்பட. ஒரு ஃபைலுக்குச் செய்வதையாவது திருத்திக்கொள்ளலாம். கோபத்தில் மொத்த சி டிரைவுக்கும் உரிமை மாற்றியவர்களுக்கு அப்டேட் நிற்கும், ஆப்கள் திறக்காது, பழையபடி ஆக்க நேர்வழியும் கிடையாது.

ரிப்பேரை முதலில் செய்வது

எஸ்எஃப்சி என்ற கட்டளை பலருக்குத் தெரியும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதை ஸ்கேன்நவ் என்ற சொல்லோடு ஓட்டினால் கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை மாற்றிவிடும். அது வைரஸ் கொல்லி இல்லை. விண்டோஸுக்குச் சொந்தமான ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் வைரஸ் கொண்டுவந்து வைத்த புது ஃபைலை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வைரஸ் உயிரோடு இருக்கும்போது இதை ஓட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. இப்போது மாற்றிய ஃபைலை அடுத்த பூட்டில் அது மறுபடி கெடுத்திருக்கும்.

சில சமயம் எஸ்எஃப்சி, கெட்ட ஃபைல்களைக் கண்டுபிடித்தேன், சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரிக்கும். நல்ல பிரதிகள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் பெரும்பாலான ஃபைல்கள் தனி நகல்கள் இல்லை. அங்கே இருக்கும் ஃபைலுக்கே இன்னொரு பெயர். அதனால் வைரஸ் ஒரு ஃபைலுக்குள் புகுந்து அதே இடத்தில் திருத்தி எழுதினால் சேமிப்பில் இருப்பதும் சேர்ந்து கெடும். அப்போது டிஸ்ம் என்ற இன்னொரு ரிப்பேர் கட்டளையை ஓட்ட வேண்டும். விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நல்ல ஃபைல்களை இறக்கி முதலில் சேமிப்பைச் சரிசெய்யும். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள். டிஸ்ம் ஏதாவது ஒரு சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். செத்துவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் இத்தனை ஜிபி பிடிக்கிறதே என்று அதைக் காலி செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தக் கட்டளையும் உதவாது.

ஓடும் விண்டோஸுக்குள் இருந்தே பிடிக்கப் பார்ப்பது

பல சிஸ்டம் ஃபைல்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ஃபைலை மாற்றுவது கடினம். விண்டோஸின் அடிமட்டத்தில் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகை வைரஸாக இருந்தால் ஸ்கேனருக்கே பொய் சொல்லும். இதற்கு விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது: ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் கீழே. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். சேஃப் மோடையே நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: சாலிட்டி வைரஸ், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) சேஃப் மோடுக்கான பதிவுகளையே அழித்துவிடும். இன்னொன்று, டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பூட் முறையை மாற்றும்போது ரெக்கவரி கீ கேட்கலாம். 48 இலக்கம். அதை முதலிலேயே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

நீக்கிய ஃபைல் அடுத்த பூட்டில் திரும்பி வந்தால், அதையே மறுபடி மறுபடி நீக்குவது வீண். கொண்டுவருபவன் வேறு இடத்தில் இருக்கிறான்: டாஸ்க் ஷெட்யூலரில், ஒரு சர்வீஸில், ரெஜிஸ்ட்ரியின் ரன் பதிவில். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சந்தேகமானதை உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். தவறாக எடுத்திருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆன்டிவைரஸில் டெலீட்டைவிடக் குவாரன்டைன் (அழிக்காமல் தனியே அடைத்து வைப்பது) மேல் என்பதும் இதே காரணத்தால்தான்.

ரெஸ்டோர் பாயின்ட் குழப்பம்

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் வைரஸ் என்று வந்தால், அது பழைய ரெஸ்டோர் பாயின்ட்டுக்குள், அதாவது முந்தைய தேதி நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைத்த பதிவுக்குள், தூங்குவது. நீங்கள் அந்தத் தேதிக்குத் திரும்பாத வரை எழுந்து வராது. முதல் வேலையாகச் சிஸ்டம் ரெஸ்டோரை அணைத்துவிடுங்கள் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுத்தம் செய்யும்போது ஏதாவது உடைந்தால் திரும்பிப் போக அந்த அழுக்கு வழியாவது இருக்கட்டும். எல்லாம் சரியாகி இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழைய பாயின்ட்டுகளை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால் போதும்.

காணாமல் போன டிஎல்எல் ஃபைலை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவது, ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டுவது, இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் காவலுக்கு நிறுத்துவது — மூன்றுமே வேண்டாம்.

விட்டுவிட வேண்டிய நேரம்

சாலிட்டி, விரட், ராம்நிட் என்ற பெயர்கள் வந்து, நூற்றுக்கணக்கான ஃபைல்களில் தொற்று என்று காட்டினால் மல்லுக்கட்ட வேண்டாம். இவை ஓடக்கூடிய ஃபைல்களுக்குள்ளேயே தம்மை எழுதிக்கொள்பவை. விரட் அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாது. அது தொட்ட பல ஃபைல்களைச் சுத்தம் செய்தாலும் தேறாது. வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸைத் தயார் செய்து, சி டிரைவை ஃபார்மட் செய்து போடுவதுதான் நேர்வழி. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்ற ரீசெட் இங்கே ஆகாது.

படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர்களை விட்டுவிடுங்கள், எவ்வளவு தேடிச் சேர்த்ததாக இருந்தாலும். சேமித்து வைத்த இணையப் பக்கங்களையும்தான். ராம்நிட் ஹெச்டிஎம்எல் ஃபைலுக்குள்ளும் புகும். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாமல், போனிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில். எடுத்து வைத்த டிரைவைப் புது விண்டோஸில் செருகுவது, அப்டேட்டெல்லாம் முடிந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஓடத் தொடங்கிய பிறகு. செருகியதும் திறக்காமல், டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள்.